புளியும் இடது கண்ணும்

கொப்பளிக்க வாயில் எடுத்த தண்ணீர், நான் துப்புவதற்கு முன்பே இடது ஓரமாகத் தானே வழிந்து இறங்கியது. எனக்குச் சேதி தெரிந்தது அப்படித்தான். குழாயடியில் பின்னால் நின்றவர், தன் காலில் துப்பிவிட்டேன் என்று சண்டைக்கு வந்தார். மன்னிப்புக் கேட்கலாமென்று திரும்பினேன். என் முகத்தைப் பார்த்ததும் சண்டையைப் பாதியில் போட்டுவிட்டு, வாளியையும் போட்டுவிட்டு, படியேறிப் போய்விட்டார்.

அறைக்கு ஓடி, சுவரில் தொங்கிய கண்ணாடியைப் பார்த்தேன். வலது பாதி நான்தான். இடது பாதி, செத்து ஒரு நாள் ஆன யாரோ ஒருவர். புருவம் இறங்கிக் கிடந்தது. கன்னம் காலிச் சாக்கு மாதிரி தொங்கியது. வாய், முகத்தோடு கோபித்துக்கொண்டு வலது காதுப் பக்கம் குடிபோயிருந்தது. கனவாக இருக்கட்டும் என்று கண்ணை இறுக மூடினேன். வலது கண் மூடியது. இடது கண் மூடாமல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது.

அலறினேன். அலறலும் கோணலாகத்தான் வந்தது.

அது ஐம்பதுகளின் பின்பாதி. சிங்கப்பூர் பஃபலோ ரோட்டில் ஒரு கடைவீட்டு மாடியில், பலகை தடுத்த அறையில் குடியிருந்தேன். கூட இருந்தவர் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். என்னைவிட மூத்தவர், பக்கத்து ஊர்க்காரர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அலறல் கேட்டு எழுந்தவர் என் முகத்தைச் சாவகாசமாக ஒரு சுற்றுப் பார்த்தார். என்ன ஆச்சு, வலிக்கிறதா என்றெல்லாம் கேட்கவில்லை.

“நேத்து எந்த மரத்தடியில ஒண்ணுக்குப் போன?” என்றார்.

நம்மவர்களுக்கு வாய் கோணினால் ஒரே காரணம்தான். முனி அறைந்திருக்கிறது. முனி சும்மா போகிறவனை அறைவதில்லை. தன் மரத்தடியை அசிங்கம் பண்ணுகிறவனைத்தான் அறையும். சிரித்துத் தள்ளிவிடலாம் என்றால் சிரிப்பதற்கு வாய் இல்லை. அதைவிட மோசம், நான் போயிருந்தேன்.

சிராங்கூன் ரோட்டில் ஒரு மளிகைக் கடையில் எனக்கு வேலை. வாரம் ஒரு முறை கிராஞ்சிப் பக்கத்துத் தோட்டங்களுக்கு லோரியில் அரிசி பருப்பு கொண்டுபோய் இறக்குவோம். முந்தைய நாள் திரும்பும்போது மழை. லோரியின் பின்னால் காலிச் சாக்குகளின் மேல் உட்கார்ந்து, இடது கன்னத்தை ஈரக்காற்றுக்குக் கொடுத்தபடியே வந்தேன். வழியில் அவசரம். லோரியை நிறுத்தச் சொல்லி ஒரு ரப்பர் மரத்தடிக்குப் போனேன். போகும்போது பாட்டு வேறு பாடினேன். முனிக்குப் பாட்டும் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று இப்போது தோன்றியது.

அன்றைக்கே கிராஞ்சிக்குப் பயணமானேன். கையில் ஒரு கட்டுச் சுருட்டு, ஒரு புட்டி சாராயம், சூடம். மரத்தைக் கண்டுபிடித்து, காலில் விழுந்து, முகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுவதுதான் திட்டம். பஸ்ஸை விட்டு இறங்கித் தோட்டத்துக்குள் நுழைந்ததும் திட்டத்தின் ஓட்டை தெரிந்தது. ரப்பர் மரங்கள் எல்லாம் ஒரே மாதிரி. ஒரே உயரம், ஒரே வரிசை, ஒரே மாதிரி வெட்டு, ஒரே மாதிரிக் கோப்பை. எந்த முனி எந்த மரத்தில் என்று அந்த முனிக்கே குழப்பம் வரும்.

என்ன செய்வது? எல்லா மரத்திடமும் மன்னிப்புக் கேட்டேன். ஒரு மரத்துக்கு ஒரு கும்பிடு, ஒரு சொட்டுச் சாராயம். ‘மன்னிக்கணும் சாமி’ என்று சொல்ல முயன்றால் உதடு ஒட்டவில்லை, காற்றுத்தான் வந்தது. வரிசை முடிந்து அடுத்த வரிசைக்குப் போனபோது சுருட்டு தீர்ந்துவிட்டது. சுருட்டுக் கிடைக்காத மரங்கள் கோபித்துக்கொள்ளுமே என்று புதிதாக ஒரு பயம் பிடித்தது. பக்கத்துப் பன்றிப் பண்ணையிலிருந்து ஒரு சீனத்து அம்மாள் வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மூடாத கண்ணோடு அவர் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டேன். அவர் தன் நாயை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

இவ்வளவு பதற்றம் ஏன் என்று நீங்கள் கேட்கலாம். அழகனாக இருந்து முகத்தை இழந்தவனில்லை நான். ஆனால் என் முகத்துக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலை வந்திருந்தது. எனக்குப் பெண் பேசியிருந்தார்கள்.

பெண், என் முதலாளியின் அக்கா மகள். தாய் தகப்பன் போய்விட்டதால் தாய்மாமன் வீட்டில், அதாவது கடையின் பின்கட்டில் வளர்ந்தவள். மாமனுக்கும் கடையாட்களுக்கும் அவள்தான் சமையல். முதலாளி மனைவியை இழந்தவர், பிள்ளை இல்லை. பரந்த உடம்பு, அதைவிடப் பரந்த வாய். கல்லாவில் உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டார், உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊரைக் கடிப்பார். அவளை எனக்குக் கொடுத்தால் சமையல்காரியும் வெளியே போகமாட்டாள், கடையாளும் வெளியே போகமாட்டான் என்பது அவர் யோசனை. தை மாதம் நிச்சயம் பண்ணுவதாகச் சொல்லியிருந்தார். என் முகம் விழுந்தது கார்த்திகையில்.

என் யோசனை என்ன என்றால், எனக்கு யோசனையே இல்லை. நடுப்பகலில் அவள் சாப்பாட்டுத் தட்டை மூட்டைகளுக்கு நடுவே வைத்துவிட்டுப் போவாள். போகும்போது ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்ப்பாள். மீதி நாளெல்லாம் அந்தப் பார்வையை வைத்துக்கொண்டு பருப்பு நிறுப்பேன். அவ்வளவுதான் என் காதல். நிறுவையில் நிறையத் தப்பு வரும்.

கோணல் வாயோடு கடைக்குப் போனதும் முதலாளி வியாபார நேரத்தில் கல்லாப்பெட்டியை மூடிவைத்தார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. பிறகு வாசல் அஞ்சடி நடைபாதையில் நின்ற வாடிக்கையாளர்களையெல்லாம் உள்ளே கூப்பிட்டார்.

“வாங்க, வாங்க. சும்மாதான், காசு வேணாம்,” என்றார். “டேய், கொஞ்சம் சிரி.”

சிரித்தேன். முதலாளி சொன்னால் சிரித்துத்தான் ஆகவேண்டும். வலது பாதி சிரித்தது. கடை இடிந்துவிழுகிற மாதிரி ஒரு சத்தம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களும் உண்டு. அதன்பிறகு கடை திறந்து சாமிக்கு ஊதுவத்தி காட்டியதும் அடுத்த சடங்கு என் சிரிப்புத்தான். தேக்கா சந்தைக்குப் போகிறவர்கள் கொஞ்சம் சுற்றிக்கொண்டு எங்கள் கடை வழியாகப் போனார்கள். எதிர்க் கோப்பிக்கடையில் இன்றைக்கு உதடு அசையுமா அசையாதா என்று கோப்பிப் பந்தயம் நடந்தது. சாப்பிட மறுக்கும் பிள்ளைகளைத் தாய்மார்கள் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார்கள். ‘பாத்தியா, அடம் புடிச்சா இந்த மாமா மாதிரி ஆயிருவே.’ பிள்ளைகள் அடுத்த வேளை நன்றாகச் சாப்பிட்டதாகக் கேள்வி.

சிரிப்பு அலுத்தபோது வேறு விளையாட்டு. கடைச் சாமான்களை உரக்கச் சொல்லச் சொல்வார். பருப்பு, பாசிப்பயறு, பெருங்காயம், மஞ்சள், மிளகு, புளி. உதடு ஒட்டாதவன் சொல்லவே கூடாத பெயர்களாகப் பார்த்துத்தான் நம் முன்னோர் மளிகைக்கு வைத்திருக்கிறார்கள். ஊதினேன், உமிழ்ந்தேன், என் சட்டை நனைந்தது. ஒரு வாடிக்கையாளர் என் பெருங்காயத்துக்காகவே இரண்டு முறை வந்தார்.

அவளும் சிரித்தாள். மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். அவள் என் முகத்துக்கு நேராக நின்று, கரண்டியோடு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அன்றைக்குப் பருப்பு நிறுக்கவே இல்லை.

மறுநாள் முதலாளி பொதுவில் தீர்ப்புச் சொன்னார். முகம் நேரானால் பெண். இல்லையென்றால் ஜொகூரில் ரெண்டாந்தாரம் தேடுகிற ஒருவர் காத்திருக்கிறார்; வசதியானவர், வாய் நேராக இருக்கிறது. ஆவணி வரைக்கும் தவணை.

அண்ணன்தான் என்னைப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். முனியில் அவருக்கு நம்பிக்கை குறைந்துவிடவில்லை. இரவில் என் இடது கண் திறந்தபடியே அவரைப் பார்த்துக்கொண்டிருப்பதால் அவருக்குத் தூக்கம் போய்விட்டது. அந்தக் கண்ணின் மேல் ஒரு துணியைக் கட்டிப் பார்த்தார். துணிக்குப் பின்னால் அது விழித்திருப்பது தெரிந்தபிறகு இன்னும் பயந்தார்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கிழவர், ஒல்லி, சிரிக்கமாட்டார். பல்லைக் காட்டும் என்றார், கன்னத்தை ஊதும் என்றார், விசில் அடியும் என்றார். முதலாளி காலையில் கேட்கிற அதே வித்தைகள்தான். இங்கே யாரும் சிரிக்காததால் எனக்கு என்னவோ போல் இருந்தது. கடைசியில் நெற்றியைச் சுருக்கச் சொன்னார். வலது புருவம் ஏறியது, இடது புருவம் கட்டை மாதிரி கிடந்தது.

“நல்லது,” என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என்ன நல்லது என்று கேட்டேன். வாய் மட்டும் விழுந்து, புருவம் ஒழுங்காக ஏறினால்தான் ஆபத்து, கோளாறு மூளையில் என்று அர்த்தம் என்றார். புருவமும் சேர்ந்து படுத்துவிட்டால் பழுது வெளியே, நரம்பில். காதுக்குப் பின்னால் எலும்புக்குள் ஒரு சின்னக் குகை, முகத்துக்குப் போகிற நரம்பு அதற்குள்ளால்தான் வருகிறது. வீங்கினால் விலக இடமில்லை, நசிந்துபோகும். அதனால்தான் அந்தப் பக்கம் நாக்கில் ருசி இல்லை, அந்தக் காதில் கடைக்காரர்கள் கூவுவதெல்லாம் தகரத்தில் அடிக்கிற மாதிரி கேட்கிறது.

அண்ணன் பின்னால் நின்று, முனி அறைந்ததாக இருக்காதா என்று மெல்லக் கேட்டார்.

“முனியெண்டால் இவ்வளவு ஒழுங்கா ஒரு நரம்பைப் பார்த்து அடிக்காது தம்பி,” என்றார் டாக்டர்.

வாரத்தில் இரண்டு நாள் போகவேண்டியிருந்தது. ஈரத் துணியைக் கன்னத்தில் வைத்துக் கரன்ட் வைப்பார்கள். கன்னம் தவளை மாதிரி துள்ளும். என் முகம் எனக்கில்லாமல் மின்சாரத்துக்குச் சிரித்தது. நரம்பு வந்து சேருகிறவரைக்கும் தசை சும்மா கிடந்தால் மெலிந்துபோகும், நரம்பு வரும்போது வீட்டில் ஆள் இருக்கவேண்டாமா என்று டாக்டர் சொன்னார். நசுங்கிய நரம்பு காதடியிலிருந்து திரும்ப முளைத்துத்தான் வரவேண்டுமாம், நகம் வளருகிற வேகத்தில். தொங்கும் வாயைத் தூக்கிப்பிடிக்க உதட்டு ஓரத்திலிருந்து காதுவரை ஒரு பிளாஸ்திரி ஒட்டினார்கள். ஒருநாள் காலை முதலாளி அதைப் பிடித்து இழுத்து, ‘உள்ளே என்ன சரக்கு வச்சிருக்க’ என்று பார்த்தார். மீசையில் பாதி அதோடு போனது.

தை வந்தது, போனது. நிச்சயம் நடக்கவில்லை. பிள்ளையார் சுழி போட்டுத் தினமும் கண்ணாடி முன் உட்கார்ந்து விசில் அடித்தேன். காற்று வந்தது, விசில் வரவில்லை. சித்திரையில் ஜொகூர்க்காரர் ஒரு கூடை மாம்பழத்தோடு கடைக்கு வந்து போனார். முதலாளி அவருக்கும் என்னைச் சிரித்துக் காட்டச் சொன்னார். அவர் சிரிக்கவில்லை, ‘பாவம்’ என்றார். அதுவரை யாரும் சொல்லாத வார்த்தை. அன்றைக்குத்தான் அவரைக் கொன்றுவிடலாமா என்று யோசித்தேன்.

அதற்குப் பிறகு ஒரு காலை, வழக்கமான சடங்கில் முதலாளி ‘சிரி’ என்றார். சிரித்தேன். அவர் முகம் மாறியது. கல்லாவிலிருந்து எட்டிப் பக்கத்தில் வந்து பார்த்தார். என் இடது உதட்டு ஓரம், புழு நெளிகிற அளவுக்கு, அசைந்திருந்தது. வாழ்க்கையில் யாரும் என் சிரிப்பைப் பார்த்து அவ்வளவு ஏமாந்ததில்லை. கோப்பிக்கடையில் ஒருவர் எதிராளிக்குக் கோப்பி வாங்கிக் கொடுக்கவேண்டியதாயிற்று.

கன்னம் ஏறியது, புருவம் நகர்ந்தது, விசில் வந்தது. ஆடி மாதம் என் முகம் ஏறக்குறையப் பழைய முகம். கடையில் கூட்டம் குறைந்தது. நான் அழகனாகிக்கொண்டிருந்தேன், வியாபாரம் விழுந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அழுகை ஆரம்பித்தது.

நடுப்பகல், மூட்டைகளுக்கு நடுவே சாப்பாடு. இரண்டாவது கவளத்தில் இடது கண்ணிலிருந்து நீர் வழிந்தது. காரமாக இருக்கும் என்று நினைத்தேன்; காரமில்லை. சரி, எனக்கு ஏதோ துக்கம் போலிருக்கிறது என்று நினைத்தேன். என்ன துக்கம் என்று சோற்றைப் பிசைந்தபடியே யோசித்தேன். ஊரில் அம்மாவை நினைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. பாதி மீசையை நினைத்தேன், அதற்கு இவ்வளவு நீர் அதிகம். மறுநாள் ரசத்துக்குத் தாரை தாரையாக வந்தது. தட்டைக் கழுவியதும் நின்றுவிட்டது. எந்தத் துக்கமும் தட்டுக் கழுவினால் தீருவதில்லை. அது இல்லாமல், சிரித்தால் இடது கண் தானே மூடிக்கொண்டது. பார்க்கிறவர்களுக்கு நான் கண்ணடிக்கிறேன். பஸ்ஸில் நான் சிரித்து டிக்கெட் கேட்ட கண்டக்டர் எனக்குச் சில்லறையே தரவில்லை.

டாக்டரிடம் ஓடினேன். அவர் முதல்முறையாகக் கொஞ்சம் சிரித்தார். நரம்பு ஒன்றல்ல, நூறு நூறு நூல்கள் என்றார். சம்பள நாளில் குடித்துவிட்டு மாடியேறுகிறவர்கள் பக்கத்து அறையில் போய்ப் படுத்துக்கொள்வதில்லையா, அப்படித்தான். வாயில் எச்சில் ஊறச் சொல்லிக் கிளம்பிய நூல் வழி தவறிக் கண்ணீர்ச் சுரப்பியில் போய் ஏறிவிட்டது. உதட்டுக்குப் போகவேண்டியது இமைக்குப் போய்விட்டது. புளிப்பைக் கண்டால் மற்றவனுக்கு எச்சில் ஊறும், எனக்குக் கண்ணீர். எப்போது சரியாகும் என்று கேட்டேன்.

“வீடு மாறிப் போனது போனதுதான். பழகிக்கொள்ளும்,” என்றார்.

ஆவணியில் நிச்சயம். அழாமல் இருக்க எனக்கு ஒரே வழி, சாப்பிடாமல் இருப்பது. விரதம் என்று சொல்லிவிடலாம் என்று அண்ணனும் நானும் முடிவு பண்ணினோம். பின்கட்டில் இலை போட்டார்கள். முதலாளியின் ஒன்றுவிட்ட அக்கா செம்பவாங்கிலிருந்து வந்திருந்தார். விரதம் என்றதும் அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்தார். நிச்சயத்தன்று பெண் வீட்டில் கைநனைக்காத மாப்பிள்ளைக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். உட்கார்ந்தேன்.

பருப்பும் நெய்யும் தாங்கியது. சாம்பாருக்கு மினுமினுத்தது. தலையை இலைக்குள் புதைத்துக்கொண்டேன். ரசம் ஊற்றினார்கள். அவ்வளவுதான், இடது கண்ணில் குழாய் திறந்தது. மூக்கு ஓரமாக இறங்கி, மோவாயில் தொங்கி, இலையில் சொட்டியது. அந்த அம்மாள் என் எதிரே குனிந்து பார்த்தார்.

“தம்பி, மாப்பிள்ளை அழுவுறாரு. ஊர்ல ஏற்கெனவே ஒருத்திக்குத் தாலி கட்டிட்டு வந்திருக்காரு,” என்றார் முதலாளியிடம்.

அந்தக் காலத்துச் சிங்கப்பூரில் அது பைத்தியக்காரப் பேச்சில்லை. தெருவுக்கு ஒருவருக்கு ஊரில் ஒன்று இருந்தது. இல்லை என்று நம்பவைக்க அந்த அம்மாளைப் பார்த்துப் பணிவாகச் சிரித்தேன். இடது கண் மூடித் திறந்தது. அவர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இரண்டடி தள்ளிப் போனார்.

முதலாளி கையைக் கழுவாமலே எழுந்தார். எத்தனை பிள்ளை என்று கேட்டார். அண்ணன் சத்தியம் பண்ணினார். கூட்டாளி என்று அவரையும் சேர்த்துக்கொண்டார்கள். நான் உளறினேன், இது நரம்பு, பாருங்கள், சாப்பிட்டால்தான் வருகிறது என்று நிரூபிக்க வேகவேகமாக அள்ளி வாயில் போட்டேன். கண்ணீர் ஆறாகப் போனது.

“ஊர்ல பொண்டாட்டி வச்ச ரசம் ஞாபகம் வந்திருச்சு,” என்று பந்தியில் ஒருவர் விளக்கினார்.

ஜொகூர்க்காரருக்கு ஆள் அனுப்பலாம் என்று பேச்சு எழுந்துவிட்டது. என் வாயில் சோறு, கையில் சோறு, கண்ணில் வெள்ளம். ஓடிப்போய்விடலாமென்றால் கால் மரத்துவிட்டது. அதற்கும் ஒரு நரம்பு இருக்கும்.

அப்போது அவள் அடுக்களையிலிருந்து வெளியே வந்தாள். நிச்சயத்தன்று பெண் தானாகப் பந்திக்கு வருகிற வழக்கம் எங்கும் இல்லை. நேராகக் கடைக்குள் போய், சாக்கில் கைவிட்டு, ஒரு உருண்டைப் புளியோடு திரும்பி என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். சோற்றை விழுங்கச் சொன்னாள், முகத்தைத் துடைக்கச் சொன்னாள். கண்ணீர் நின்றது.

“வாயத் தொறங்க,” என்றாள்.

புளியை நாக்கில் வைத்தாள். கண்ணீர். எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் நின்றது. வைத்தாள், வந்தது. எடுத்தாள், நின்றது. ஒரு குழாயைத் திறந்து மூடிச் சரிபார்ப்பதுபோல, என் பக்கம் ஒரு இரக்கமும் இல்லாமல், பந்தி முழுக்கப் பார்க்கும்படி செய்து காட்டினாள். மூன்றாவது தடவை அந்த அம்மாளே தானும் ஒருமுறை வைத்துப் பார்க்கவேண்டும் என்று கேட்டு வாங்கி வைத்தார். பிறகு பந்தியில் இருந்தவர்கள் ஆளுக்கொரு தடவை. என் பல் கூசிப்போனது. ஒரு மாதமாக மூட்டைக்குப் பின்னால் நான் ஒளிந்து அழுததையெல்லாம் அவள் அடுக்களைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது.

“ஊர்ல யாரும் இல்ல மாமா. உள்ள வயரு மாறிப்போச்சு, அவ்வளவுதான்,” என்றாள் எழுந்து. “எனக்கு இவரே போதும். நான் வைக்கிற கொழம்பத் தின்னுட்டுத் தெனமும் அழப்போறவரு, இனிமே புதுசா எதுக்கு அழப்போறாரு?”

கல்யாணம் நடந்தது. பின்கட்டிலேயே குடித்தனம். முதலாளி போட்ட கணக்குப்படியே சமையல்காரியும் போகவில்லை, கடையாளும் போகவில்லை. விருந்தாளி வந்தால் அவர் முன்னால் எனக்கு ஊறுகாய் கொடுத்துக் காட்டுவார். இப்படியே வருஷங்கள் போயின. சிங்கப்பூருக்குக் கொடி மாறியது, பாட்டு மாறியது. எங்கள் கடையில் வேடிக்கை மாறவில்லை.

அறுபதுகளின் பின்பாதியில் ஒரு காலை, ஊதுவத்தி காட்டிவிட்டு முதலாளி கல்லாவில் உட்கார்ந்து என்னை ஏதோ திட்ட வாயைத் திறந்தார். வார்த்தை குழறி வந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிருந்தது. எனக்கு உள்ளுக்குள் என்ன தோன்றியது என்று எழுதினால் நீங்கள் என்னை வீட்டுக்குள் விடமாட்டீர்கள். ஆனால் அடுத்த நொடி, ‘முதலாளி, நெத்தியச் சுருக்குங்க’ என்றேன். சுருக்கினார். இரண்டு புருவமும் ஒழுங்காக, அழகாக மேலே ஏறின. டாக்டர் சொன்ன ஆபத்து அதுதான். அந்த வாயைத் திருப்பிக் கொண்டுவர எந்த நரம்பும் முளைக்கப்போவதில்லை என்று அவருக்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று. அதற்குள் அவருக்கு ஒரு பக்கத்துக் கையும் காலும் அசையாமல் போயிருந்தன.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிப் பின்கட்டில் படுத்துக் கிடந்தார். தேக்கா சந்தைக்குப் போகிறவர்கள் மறுபடி சுற்றிக்கொண்டு எங்கள் கடை வழியாகப் போனார்கள். கஞ்சி பாதி உள்ளே, பாதி மோவாயில். கடை திறந்ததும் ஒவ்வொரு நாளும் அவர் கட்டிலருகே போய் நிற்பேன். ‘சிரிங்க முதலாளி’ என்பது நாக்கு நுனியில் இருக்கும். ஒரு நாளும் சொன்னதில்லை. பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். பிழைத்து எழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

சொன்னது என் மனைவி. ஒரு காலை, கஞ்சியைத் துடைத்துவிட்டு, அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, “மாமா, கொஞ்சம் சிரிங்க,” என்றாள். அவர் அவளையே பார்த்தார். பிறகு, என்ன நினைத்தாரோ, முயன்று பார்த்தார். பாதி முகம் சிரித்தது. அவள் அடுத்த கரண்டி எடுத்தாள். அந்தச் ‘சிரிங்க’வில் இருந்தது பாசமா பழியா என்று இன்றுவரை நான் அவளைக் கேட்கவில்லை. கேட்கிற துணிச்சல் இருந்திருந்தால் நான் வேறு ஆளாக இருந்திருப்பேன்.

மழைக்காலம் முடிவதற்குள் இறந்துபோனார். மூட்டைகளை ஒதுக்கிக் கடை நடுவில் கிடத்தினோம். அஞ்சடி நிறைய ஆட்கள், ஆனால் அழ ஒருவர் இல்லை. செம்பவாங் அம்மாளுக்கு ஒப்பாரி நன்றாக வரும். தலைமாட்டில் உட்கார்ந்து ஆரம்பித்தார், இரண்டு வரியில் நின்றுவிட்டார். ‘எதச் சொல்லி அழறதுன்னே தெரியலயேடி’ என்று என் மனைவியிடமே கேட்டார். வந்தவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். கோப்பிக்கடைக்காரர் கொட்டாவி விட்டார். அழுகுரல் இல்லாத சாவு வீட்டைத் தெரு ஒரு மாதிரியாகப் பார்க்கத் தொடங்கியது. அந்த வீட்டில்தான் நாங்கள் நாளைக்கும் கடை திறக்கவேண்டும்.

என் மனைவி எழுந்து மூட்டைகளுக்குப் பின்னால் போனாள். திரும்பி வந்து என் பக்கத்தில் நின்று, யாரும் பார்க்காமல் என் கையில் ஒன்றை வைத்து அழுத்தினாள். பிசுபிசுவென்று ஒட்டியது.

“வாயில போட்டுக்குங்க. யாராச்சும் ஒருத்தராவது அழணும்,” என்றாள். பிறகு என் தோளைப் பிடித்துக் கொஞ்சம் திருப்பினாள். “இப்படி நில்லுங்க. எடது கண்ணு தெருவப் பாக்கட்டும்.”

இருமுவது போல வாயைப் பொத்திப் போட்டுக்கொண்டேன். புளிப்பில் முகம் சுளித்தால் இமை மூடும். பிணத்தின் முன்னால் நின்று தெருவைப் பார்த்துக் கண்ணடித்தவன் ஆவேன். பல்லைக் கடித்து முகத்தை மரமாக வைத்துக்கொண்டேன். கண்ணீர் தானாக வந்தது. கன்னத்தில் இறங்கி, சட்டையில் சொட்டியது. அஞ்சடியில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. செம்பவாங் அம்மாள் என்னைப் பார்த்தார், அவருக்கா தெரியாது, ஆனாலும் அதைப் பிடித்துக்கொண்டு குரலெடுத்தார். அதைக் கேட்டு இன்னும் இரண்டு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். சாவு வீடு சாவு வீடாயிற்று.

“அவ்வளவு திட்டுனாரு, இவரு எப்படி அழுவுறாரு பாருங்க லா,” என்றார் கோப்பிக்கடைக்காரர் பக்கத்தில் நின்றவரிடம்.

வலது கண் கடைசிவரை காய்ந்தே இருந்தது. புளி நல்ல புளி. நாரில்லை, கொட்டையில்லை, மண் இல்லை. சரக்கு விஷயத்தில் மட்டும் அவரை யாரும் குறை சொல்லமுடியாது. அது கரைந்து தீர்ந்துகொண்டிருந்தது, தூக்குவதற்கோ இன்னும் நேரம் இருந்தது. பின்னால் கையை நீட்டினேன். அவள் இன்னொரு உருண்டையை வைத்தாள்.